பலூன் தானாக வெடிக்கிறது: வெப்கேம் அசைவை வைத்துப் பிள்ளைகள் செய்யும் அனிமேஷன்

கேள்வி: 2024 ஜூலை 30, இரவு 9.40

என் மகள் ஏழாம் வகுப்பு. பிளாக்குகளை அடுக்கிப் பிள்ளைகள் நிரல் செய்யும் ஸ்க்ராட்ச் மென்பொருளில் ஒரு பலூன் விளையாட்டு செய்திருக்கிறாள். பலூன் கீழிருந்து மேலே போகும், கேமரா முன்னால் நின்று கையால் தட்டினால் வெடிக்கணும். பகலில் ஓரளவு ஒழுங்காக ஓடுகிறது. ராத்திரி டியூப்லைட் போட்டால் யாரும் முன்னால் இல்லாமலே பட்பட்டென்று வெடிக்கிறது. அசைவு எவ்வளவைத் தாண்டினால் வெடிக்கணும் என்று பிளாக்கில் இருந்த 10-ஐ 40 ஆக்கிப் பார்த்தோம், அப்புறம் கையை ஆட்டினாலும் வெடிக்கவில்லை. கேமரா பழுதா, கோட் தப்பா? செப்டம்பரில் பள்ளிக் கண்காட்சி. அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

ஜூலை 30, இரவு 11.15

கேமரா பழுதில்லை. கோடும் தப்பாக இருக்காது. முதலில் பாப்பாவிடம் அதைச் சொல்லிவிடுங்கள், தூங்கட்டும்.

நான் பவானியில் சனிக்கிழமைதோறும் ஒரு தையல் கடை மாடியில் பதினோரு பிள்ளைகளுக்கு ஸ்க்ராட்ச் சொல்லித் தருகிறேன், மூன்று வருடமாக. இரண்டு பழைய லேப்டாப், ஒரு யூ.எஸ்.பி. வெப்கேம். நீங்கள் சொல்லும் இதே பலூன் எங்கள் மாடியிலும் வெடித்திருக்கிறது.

10-ஐ 40 ஆக்கினீர்கள் இல்லையா, அந்த நேரத்தில் கேமரா என்ன எண் சொல்லிக்கொண்டிருந்தது என்று பார்த்தீர்களா? அதைப் பார்க்காமல் எந்த எண் போட்டாலும் குருட்டாம்போக்குதான். அசைவு எண்ணைத் தரும் பிளாக்குக்குப் பக்கத்தில், எண்ணைத் திரையில் காட்டவைக்கும் டிக் பெட்டி கிடையாது. அதனால் 'அசைவு' என்று ஒரு வேரியபிள் (எண்ணைப் போட்டு வைக்கும் பெட்டி) செய்யுங்கள். பலூன் ஸ்ப்ரைட்டில் (ஸ்ப்ரைட் என்றால் திரையில் இருக்கும் உருவம்) நிற்காமல் திரும்பத் திரும்ப ஓடவைக்கும் ஃபாரெவர் பிளாக்கைப் போட்டு, அந்த ஸ்ப்ரைட் மேல் உள்ள வீடியோ அசைவை அதில் வையுங்கள். இப்போது எண் திரையிலேயே ஓடும், 0 முதல் 100 வரை. கூடவே 'உச்சம்' என்று இன்னொன்று: அசைவு உச்சத்தைவிடப் பெரிதானால் உச்சத்தை அசைவாக மாற்று.

பத்து விநாடி காலி அறை, உச்சம் எவ்வளவு. பத்து விநாடி சும்மா நின்றால் எவ்வளவு. மெதுவாகக் கை ஆட்டினால் எவ்வளவு. வேகமாக ஆட்டினால் எவ்வளவு. நாலையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள், லைட் போட்டு ஒருமுறை, அணைத்து ஒருமுறை. அந்த எட்டு எண்ணை இங்கே போடுங்கள்.

ஒன்று மட்டும் அவளுக்குப் புரியவேண்டும். அது கையைப் பார்ப்பதில்லை. கேமரா எடுக்கும் ஒவ்வொரு படமும் ஒரு பிரேம்; போன பிரேமையும் இந்த பிரேமையும் கழித்து, எங்கே மாறியிருக்கிறது என்று பார்க்கிறது, அவ்வளவுதான். வெளிச்சம் மாறினாலும் மாற்றம்தான்.

ஜூலை 31, காலை 6.20

எழுந்ததும் ஞாபகம் வந்தது, கேட்காமல் விட்டுவிட்டேன்: ஃபேன் எங்கே இருக்கிறது? டியூப்லைட்டுக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஃபேன் சுற்றினால் இறக்கையின் நிழல் சுவரில் ஓடிக்கொண்டே இருக்கும். நம் கண்ணுக்குப் பழகிப்போய்த் தெரியாது. கேமராவுக்குத் தெரியும்.

ஜூலை 31, இரவு 10.05

எண்கள் பார்த்தேன். லைட் இல்லாமல் காலி அறை உச்சம் 3. லைட் போட்டால் காலி அறை உச்சம் 31, ஃபேனை நிறுத்திய பிறகும் 27. மெதுவான கை 35. இந்த நிலையில் 31-க்கும் 35-க்கும் நடுவே எந்த எண்ணை வைத்தாலும் விளையாட்டு ஒழுங்காக ஓடாது. முதலில் அந்த 27-ஐக் கீழே இறக்கணும்.

ஃபேன் நின்றும் 27 என்றால் எனக்குச் சந்தேகம் மின்சாரத்தின் மேல். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 சுற்று, சுற்றுக்கு இரண்டு துடிப்பு. சோக் போட்ட டியூப்லைட் விநாடிக்கு 100 தடவை மங்கி எரிகிறது. சில நாடுகளில் 60 ஹெர்ட்ஸ், அங்கே 120 தடவை. பல வெப்கேம்கள் 60-க்கு வைத்தே வருகின்றன. அப்போது கேமரா ஒவ்வொரு பிரேமுக்கும் கண் திறந்திருக்கும் நேரம் 1/120 விநாடி மாதிரி இருக்கும். நம் லைட்டின் ஒரு துடிப்பு 1/100 விநாடி. இரண்டும் பொருந்தாததால் ஒரு பிரேமில் கொஞ்சம் வெளிச்சம் கூட, அடுத்ததில் குறைய. படத்தில் மங்கலான பட்டைகள் மேலும் கீழும் நகரும். உற்றுப் பார்த்தால்தான் தெரியும், வெள்ளைச் சுவரில் நன்றாகத் தெரியும்.

கேமரா செட்டிங்கில் ஃப்ளிக்கர் அல்லது பவர் லைன் ஃப்ரீக்வென்ஸி என்று இருக்கும். அதை 50 ஆக்குங்கள். விண்டோஸில் கேமரா அமைப்புகளிலோ கேமரா கம்பெனி தந்த மென்பொருளிலோ கிடைக்கும். மலிவான சில எல்.இ.டி. பல்புகளும் இதே வேலையைச் செய்யும், ஆகவே டியூப்லைட்டைக் கழற்றிப் பல்பு மாட்டினால் சரியாகிவிடும் என்று போய் வாங்கிவிடாதீர்கள்.

ஆகஸ்ட் 3, மாலை

இன்று ஆடிப்பெருக்கு, வகுப்பு இல்லை. கூடுதுறைப் பக்கம் கால் வைக்க இடமில்லை. வீட்டில் உட்கார்ந்து, ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்ட ஒரு வேலையைச் செய்தேன். ஸ்க்ராட்ச்சின் மூலநிரல் எல்லோரும் படிக்கத் திறந்தே கிடக்கிறது. அதில் இந்த வீடியோ பகுதியைப் படித்தேன்.

30-ஆம் தேதி நான் எழுதியதைத் திருத்தணும். 'கழிக்கிறது' என்றேன். வெறும் கழித்தல் இல்லை. பிரேமைக் கழிப்பது பைத்தான், பிராசஸிங் மாதிரி நிரல் மொழிகளில் நாமே எழுதும்போது முதலில் செய்வது. ஸ்க்ராட்ச் செய்வது ஆப்டிகல் ஃப்ளோ. 480-க்கு 360 புள்ளிப் படத்தை 17-க்கு 17 புள்ளி கொண்ட சின்னச் சின்னக் கட்டங்களாகப் பார்க்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் இருந்த வெளிச்ச மேடு பள்ளம் அடுத்த பிரேமில் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் தள்ளிப் போயிருக்கிறது என்று கணக்குப் போடுகிறது. விநாடிக்குச் சுமார் முப்பது தடவை. புரூஸ் லூகாஸும் டேக்கியோ கனாடேயும் 1981-இல் எழுதிய முறையின் குடும்பத்தைச் சேர்ந்த கணக்கு இது. அதனால்தான் அசைவின் அளவோடு திசையையும் அதனால் சொல்ல முடிகிறது. வெறும் கழித்தலில் திசை கிடைக்காது.

மூன்று வருடமாகப் பிள்ளைகளிடம் தப்பாகச் சொல்லி வந்திருக்கிறேன். வரும் சனிக்கிழமை திருத்திச் சொல்லணும்.

ஆகஸ்ட் 10, இரவு

இன்று வகுப்பில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன், மறந்துபோகும் முன்னால்.

எங்கள் மாடியில் பிள்ளைகளுக்குப் பின்னால் ஒரு ஜன்னல். அதை மறைக்க ஒரு பவானி ஜமக்காளத்தைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தேன். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று அகலமான பட்டைகள். ஆடிக்காற்று அடிக்கிற அடியில் ஜமக்காளம் ஊஞ்சல் ஆடியது. காலி அறை எண் 40, 50 என்று ஓடியது. அவிழ்த்துவிட்டு வெள்ளை வேட்டி கட்டலாம் என்று போனேன். அப்போது ஒரு பையன், "அக்கா, அதை வச்சே பாக்கலாமுங்க, எந்தப் பக்கம் இழுத்தா எவ்வளவு வருதுன்னு" என்றான்.

ஜமக்காளத்தைக் கேமராவுக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தோம். படம் முழுக்கப் பட்டைகள் மட்டும், ஓரம் எதுவும் தெரியாதபடி. பட்டைகள் படுக்கைவசம். இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே இறக்கினார்கள். எண் எகிறியது, 70, 80. நிறுத்திவிட்டு இப்போது பட்டை ஓடும் திசையிலேயே, இடமிருந்து வலமாக இழுத்தார்கள். 2. 4. மறுபடி 2. துணி நகர்வதை எல்லோரும் கண்ணால் பார்க்கிறோம், எண் மட்டும் தூங்குகிறது!

ஐந்து நிமிஷம் ஒருவரும் பேசவில்லை. ஆளாளுக்கு வந்து இழுத்துப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு பெண் சொன்னாள்: "சிவப்பு போன இடத்துல சிவப்பேதான வருது. அதுக்கு எப்படித் தெரியும்?" இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது. ஒரே நிறம் நகர்ந்தால் நகர்ந்தது தெரியாது. மேடு பள்ளம் வேண்டும், ஓரம் வேண்டும்.

கீழே தையல் கடையில் வெட்டுத்துணி கேட்டு வாங்கி வந்தோம். பொடிக்கட்டம் போட்ட சட்டைத்துணியைக் கையில் சுற்றிக்கொண்டு ஆட்டினால், வெறுங்கையைவிட எண் தெளிவாக ஏறுகிறது. உங்கள் மகளுக்கும் ஒரு கட்டம்போட்ட கைக்குட்டை கொடுத்துப் பாருங்கள். பின்னால் வெறும் சுவர், கையில் கட்டம்.

ஆகஸ்ட் 11, காலை

'வேகமாக ஆட்டினால் எவ்வளவு' என்று முதலில் கேட்டிருந்தேன். வேகம் கூடினால் எண் கூடும் என்றுதான் அப்போது நினைத்தேன். ஓரளவுக்குத்தான் அது உண்மை. அந்த பிளாக்கில் ஸ்ப்ரைட்டுக்குப் பதில் முழுத் திரையின் அசைவையும் கேட்கலாம்; முழுத் திரைக்கான எண்ணைக் கணக்கிடும்போது, ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவே 17 புள்ளிக்கு மேல் நகர்ந்ததாக ஒரு கட்டம் சொன்னால், ஸ்க்ராட்ச் அந்தக் கட்டத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. விநாடிக்கு முப்பது தடவை என்றால் 510 புள்ளி. திரையின் அகலமே 480. அதாவது ஒரு விநாடிக்குள் திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகும் கை, அந்தக் கணக்கிலிருந்து நழுவிவிடும். ஸ்ப்ரைட் மேல் உள்ள எண்ணும் ரொம்ப வேகத்தில் தடுமாறுகிறது. பக்கத்துப் புள்ளிகளை வைத்துப் போடும் கணக்கு அது, சின்ன நகர்வுக்கே சரிவரும்.

பிள்ளைகள் எண் ஏறவில்லை என்றால் இன்னும் வேகமாக ஆட்டுகிறார்கள். இன்னும் குறைகிறது. மெதுவாக, தடவுகிற மாதிரி ஆட்டச் சொல்லுங்கள்.

இருட்டில் இது இன்னும் மோசம். வெளிச்சம் போதாவிட்டால் கேமரா அதிக நேரம் கண் திறந்து வைத்திருக்கும், 30 பிரேம் 15 ஆகும், கை மங்கலாகத் தேய்ந்து தெரியும்.

ஆகஸ்ட் 11, மதியம்

இன்னொன்று. முழுத் திரைக்கான எண் எல்லாக் கட்டங்களின் நகர்வையும் திசையோடு கூட்டிச் சராசரி எடுக்கிறது. இரண்டு கையையும் எதிரெதிராக ஆட்டினால், வலது போனதை இடது வந்தது அடித்துவிடும். கைதட்டும்போது எண் ஏன் ஏறுவதில்லை என்று ஒரு வருடமாக யோசித்திருக்கிறேன். இதுதான் காரணம். கைதட்டலைப் பிடிக்க வேண்டுமென்றால் இடப்பக்கம் ஒரு ஸ்ப்ரைட், வலப்பக்கம் ஒரு ஸ்ப்ரைட் வைத்துத் தனித்தனியாகப் பாருங்கள்.

ஆகஸ்ட் 17, இரவு

பம்பை அடிக்கிற அனிமேஷன் ஒன்றை இரண்டு அண்ணன் தம்பிகள் செய்கிறார்கள். மாரியம்மன் கோயில் திருவிழாவில் மாமா அடிப்பாராம். கையைப் பம்பை ஸ்ப்ரைட் மேல் கொண்டுபோனால் சத்தம் வரணும், தோல் அதிர்கிற மாதிரி காஸ்டியூம் (ஸ்ப்ரைட்டின் தோற்றம்) மாறணும். முதல் அடி விழுகிறது, அதோடு சரி. அப்புறம் எவ்வளவு ஆட்டினாலும் சத்தமில்லை. பெரியவன் சின்னவன் செய்த நிரலைத் திட்ட, சின்னவன் அண்ணன் போட்ட ஒலியைத் திட்ட, ஒரே சண்டை.

'வீடியோ அசைவு இதைவிட அதிகமானால்' என்று தொடங்கும் தலைப்பு பிளாக், எண் எல்லையைத் தாண்டும் அந்த நொடியில் மட்டும்தான் ஓடும். தாண்டி மேலேயே இருந்தால் மறுபடி ஓடாது. எண் கீழே இறங்கி மறுபடி ஏறணும். வாசல்படி தாண்டும்போது மட்டும் அடிக்கிற காலிங்பெல் மாதிரி, உள்ளே நின்றுகொண்டிருப்பவனுக்கு அடிக்காது. நிஜப் பம்பைக்காரர் குச்சியைத் தூக்குகிறார், அடிக்கிறார், தூக்குகிறார். இந்தப் பிள்ளைகள் கையை நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருந்தார்கள். "மாமா மாதிரி அடி" என்றதும் வந்துவிட்டது. நிற்காத ஆட்டத்துக்கும் வேலை செய்யணும் என்றால் ஃபாரெவருக்குள் 'எண் எல்லையைத் தாண்டினால்' என்று ஓர் இஃப் போட்டு, நடுவில் 0.2 விநாடி வெயிட்.

உங்கள் பலூனுக்குத் தலைப்பு பிளாக்கே போதும்.

உடம்பின் அசைவைக் கேமராவால் பார்த்து இசையாக்குவது புதிதில்லை. கனடாவில் டேவிட் ரோக்பி என்ற கலைஞர் 1980-களிலேயே செய்துவிட்டார். அவருக்கு முன்னால், 1970-களில், அமெரிக்காவில் மைரன் க்ரூகர் ஆளின் நிழலுருவையே திரைக்குள் கொண்டுபோய் அங்கிருந்த உருவங்களோடு விளையாடவிட்டார். அப்போது அதற்கென்றே தனியாகக் கருவி கட்டவேண்டியிருந்தது. ஸ்க்ராட்ச்சில் இந்த பிளாக்குகள் 2013-இல் 2.0 பதிப்போடு வந்தன, 2019-இல் 3.0 வந்தபோது எக்ஸ்டென்ஷன் பக்கத்துக்குப் போயின. பழைய வீடியோ பார்த்துப் படிக்கிறவர்கள் 'பிளாக்கையே காணோம்' என்று தேடுவது அதனால்தான். கீழே இடது மூலையில் எக்ஸ்டென்ஷன் பொத்தானை அழுத்தினால் இருக்கும்.

ஆகஸ்ட் 18

ஒரு பையனின் பாட்டி நேற்று வகுப்புக்கே வந்துவிட்டார். "பேரன் மூஞ்சிய அது எங்கயோ அனுப்புதுன்னு சொல்றாங்களே, நெசமாம்மா?" நியாயமான கேள்வி, உங்கள் வீட்டிலும் வரும். ஸ்க்ராட்ச் அந்த வீடியோவைச் சேமிப்பதில்லை, எங்கும் அனுப்புவதில்லை. கணக்கு முழுக்க நம் கம்ப்யூட்டருக்குள்ளேயே நடக்கிறது. பிராஜெக்ட்டைப் பகிர்ந்தாலும் பிளாக்குகள் போகும், முகம் போகாது. ஆனால் விளையாடுவதைத் திரையோடு பதிவு செய்து வாட்ஸ்அப்பில் போட்டால் முகம் போகும், அதைச் செய்யாதீர்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். வகுப்பு முடிந்ததும் வெப்கேமைக் கழற்றிப் பாட்டி கையிலேயே கொடுத்தேன். பெட்டியில் வைத்து மூடிவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 25

50 ஆக்கியதும் லைட் போட்ட காலி அறை உச்சம் 27-இலிருந்து 6-க்கு வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். கட்டம்போட்ட கைக்குட்டையில் 48. அப்படியென்றால் எல்லை 20 வைக்கலாம், இரண்டு பக்கமும் இடமிருக்கிறது.

வெள்ளைச் சட்டை போட்டு முன்னால் வந்தால் எல்லாப் பலூனும் ஒரே நேரத்தில் வெடிக்கிறது என்று மகள் கண்டுபிடித்ததாகச் சொன்னீர்களே, அது கேமராவின் தானியங்கி வெளிச்சச் சரிக்கட்டல். படத்துக்குள் பெரிய வெள்ளை வந்ததும் கேமரா மொத்தப் படத்தையும் இருட்டாக்கிக்கொள்ளும். சுவர், கதவு, நாற்காலி எல்லாமே ஒரே நொடியில் மாறும். ஆட்டோ எக்ஸ்போஷரை அணைக்க முடிந்தால் அணையுங்கள். முடியாவிட்டால் விளையாட்டு தொடங்கும்போது 3, 2, 1 என்று ஒரு எண்ணிக்கை வையுங்கள், அதற்குள் கேமரா நிதானத்துக்கு வந்துவிடும். ஆனால் இதைக் கவனித்தது அவள்தான் என்பதைக் கண்காட்சியில் அவளே சொல்லட்டும்.

ஆகஸ்ட் 31, இரவு

ஜமக்காளத்தைப் பார்த்து 'சிவப்பு போன இடத்துல சிவப்பேதான' என்று சொன்ன பெண்ணைப் பற்றி எழுதணும். மற்றவர்கள் எல்லாரும் ஆட்டு, அடி, உடை என்று செய்துகொண்டிருக்க, அவள் கொக்கு செய்திருக்கிறாள்.

ஆற்றில் கொக்கு. விளையாடுகிறவர்தான் கொக்கு. ஆடாமல் நின்றால் மீன்கள் மெல்ல மெல்லப் பக்கத்தில் வரும். முழுத் திரை எண் 8-ஐத் தாண்டினால் எல்லாம் சிதறி ஓடும். மீன் அருகே வந்த பிறகு கையை நீட்டிப் பிடிக்கணும், மீன் ஸ்ப்ரைட் மேல் எண் 30-ஐத் தாண்டினால் பிடிபட்டது. முதலில் யாராலும் பிடிக்க முடியவில்லை, வெடுக்கென்று நீட்டிய கையை எண் பிடிக்கவில்லை. 11-ஆம் தேதி எழுதிய அதே சங்கதி. அவள் எண்ணைத் தொடவில்லை. மீனைப் பெரிதாக்கினாள், கை அதன் மேல் கூடுதல் நேரம் இருக்கும்படி. அதோடு 'ஆடாமல் இருந்த நேரம்' என்று ஒரு வேரியபிள். மூன்று விநாடி ஆகும் வரை மீன் கிட்டே வராது.

அந்தப் பதினோரு பேரும் ஒரே அறையில் மூச்சுப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் இதுவரை பார்த்ததில்லை. பம்பைக்காரச் சின்னவன் போய் ஃபேனை நிறுத்தினான். வேர்த்து ஊற்றியது, ஒருவரும் போடச் சொல்லவில்லை. கீழே தையல் மெஷின் ஓடும் சத்தம் மட்டும். ஒரு மீன் கிட்டே வந்தபோது வாசலில் யாரோ செருப்பைக் கழற்றிப் போட, ஒருத்தி திரும்பிப் பார்க்க, மீன் போய்விட்டது.

செப்டம்பர் 8

கண்காட்சி 21-ஆம் தேதி, பள்ளி ஹாலில், மாலை என்று சொல்லியிருக்கிறீர்கள். வீட்டில் வைத்த 20 அங்கே செல்லாது. ஹாலில் எத்தனை டியூப்லைட், எந்தப் பக்கம் ஜன்னல், பின்னால் ஆட்கள் நடப்பார்களா, எதுவும் நமக்குத் தெரியாது. முடிந்தால் ஒருநாள் முன்னாடி, அதே மாலை நேரத்தில், மகளையும் லேப்டாப்பையும் கூட்டிக்கொண்டு போய் அந்த நாலு எண்ணையும் மறுபடி எழுதுங்கள். மேசையைச் சுவரைப் பார்த்துப் போடாதீர்கள், சுவர் அவள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும், அப்போது கூட்டம் கேமராவுக்குப் பின்பக்கம் நிற்கும். எல்லையை வேரியபிளாக வைத்து, இழுத்து எண்ணை மாற்றும் ஸ்லைடர் போட்டுவிட்டால் அங்கேயே நகர்த்திக்கொள்ளலாம், நிரலுக்குள் போகத் தேவையில்லை.

பிரவுசரில் காட்டுவதாக இருந்தால் கேமரா அனுமதியை முன்கூட்டியே கொடுத்து வையுங்கள். வேறு மீட்டிங் மென்பொருள் எதுவும் பின்னால் திறந்திருக்கக் கூடாது, அது கேமராவைப் பிடித்து வைத்துக்கொண்டால் ஸ்க்ராட்ச்சுக்குப் படம் வராது. ஹாலில் நெட் வருமா என்று கேளுங்கள், வராதென்றால் ஆஃப்லைன் எடிட்டரை இன்றைக்கே இறக்கிவிடுங்கள்.

கைக்குட்டை இரண்டாக எடுத்துப் போங்கள்.